இரண்டாம் எண் குச்சி

கொடியை முதலில் உச்சி வரை ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, பிறகுதான் அரைக் கம்பத்துக்கு இறக்க வேண்டும். போடில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். பாதியில் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. கறுப்பு உடையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கம்பத்தின் அடியில் ஒரு காலை ஊன்றி, முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்தாள்.

"அம்மா, குடு, நான் பண்றேன்" என்று வாசலிலிருந்து அஸ்ட்ரிட் குரல் கொடுத்தாள்.

"ஆயிடுச்சு."

"டிரெஸ்ஸெல்லாம் அழுக்காகப் போகுது."

"கறுப்புதானே. தெரியாது."

கயிறு விட்டுக்கொடுத்தது. வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக் கொடி பாதி உயரத்தில் வந்து நின்று, காற்றில்லாமல் தொங்கியது. போடில் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். புருஷன் வெர்னர் இருந்திருந்தால் ஒரு சாண் இறக்கு என்பான், இல்லை ஒரு சாண் ஏற்று என்பான். எதையாவது சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். அவன் நேற்று மாலையே பெட்டிக்குள் தேவாலயத்துக்குப் போய்விட்டான். அடக்கம் பதினொரு மணிக்கு.

அஸ்ட்ரிட் ஒரு கையில் தொலைபேசியும் இன்னொரு கையில் ஒரு கடித உறையுமாக வந்தாள். கோபன்ஹேகனில் மருந்துக்கடை வைத்திருப்பவள். எதையும் ஒழுங்காக, வேளைக்குச் செய்ய வேண்டும் அவளுக்கு. முப்பத்தாறு வயதில் அவளுக்கு அப்பாவின் மூக்கும், அப்பாவின் பொறுமையின்மையும் அப்படியே வந்திருந்தன.

"ஹென்னிங் மெசேஜ் போட்டிருக்கார். சாயங்காலம் ஏழு மணிக்கு மழையாம். ஒரு வாரம் விடாதாம். இதை ஏன் இன்னிக்கு நமக்குச் சொல்றார்?"

"சும்மா சொல்லியிருப்பான்" என்றாள் போடில். சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து நிலத்துக்காரன் ஹென்னிங் சாவு வீட்டுக்குச் சும்மா வானிலை அறிக்கை அனுப்புகிற ஆள் இல்லை.

"அப்புறம் இது." அஸ்ட்ரிட் உறையை நீட்டினாள். கிழக்கே இருக்கும் பெரிய பண்ணையிலிருந்து வந்தது. அறுபத்திரண்டு ஹெக்டேரையும் குத்தகைக்கு எடுத்துக்கொள்வதாகவும், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றும், இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். "படிச்சியா?"

"படிச்சேன்."

"நல்ல ஆஃபர்மா. உனக்கு அறுபத்தொண்ணு ஆகுது."

"எனக்குத் தெரியும், நான் பொறந்த அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்."

அஸ்ட்ரிட் சிரிக்கவில்லை. "அம்மா, தப்பா எடுத்துக்காத. என்ன ரகம், எப்போ விதைக்கறது, எல்லாம் அப்பாதான் முடிவு பண்ணுவாரு. நீ மூட்டையைப் பிரிச்சுக் கொட்டுவ. டிராக்டர் ஓட்டுவ, கணக்கு பார்ப்ப, எல்லாம் சரி. ஆனா எது நல்ல கோதுமைன்னு பார்க்கற கண்ணு அப்பாவோடது. அது இல்லாம எப்படி?"

மகள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டியது அவள்தான். என்ன கொட்டினோம் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் விஷயம். அது வீட்டுக்குள்ளே இருபத்திரண்டு வருஷமாக நடந்துவரும் ஒரு கூத்து.

அந்தக் கூத்து ஆரம்பித்தது ஒரு பெரிய மூக்குடைப்பில். அந்த வருஷம் வெர்னர் ஒரு ரகத்தின் பெயரில் மயங்கி, விற்பனையாளன் காட்டிய வண்ணப் படங்களில் மயங்கி, அப்போதிருந்த முப்பது ஹெக்டேருக்கும் அதையே விதைத்துவிட்டான். ஜூலையில் கடலணைக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு ராத்திரி காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் மொத்தப் பயிரும் படுத்திருந்தது, யாரோ ஜமக்காளம் விரித்தமாதிரி. லோலாண்ட் தீவு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. அன்று சாயங்காலம் வெர்னர் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னான்: "பேரு காதுல விழுந்துட்டா அப்புறம் கண்ணு பொய் சொல்லுது, போடில். இனிமே எனக்குப் பேரே தெரியக்கூடாது."

அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் வீட்டை ஒட்டிய வயலில் நான்கு பட்டைகள். நான்கு ரகம். அவன் பட்டியலிலிருந்து மூன்று, அவள் பட்டியலிலிருந்து ஒன்று. விதைப்பெட்டியில் போடில் கொட்டுவாள், டிராக்டரையும் அவளே ஓட்டுவாள், அவன் அந்த ஒரு நாள் மட்டும் வீட்டுக்குள் இருந்துகொண்டு பாத்திரம் கழுவுவான். பட்டைகளின் தலைமாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் எழுதிய குச்சிகள். எந்த எண் எந்த ரகம் என்ற காகிதம் அவளுடைய காப்பித் தூள் டப்பாவின் அடியில். பனிக்காலம் முழுக்க, வசந்தம் முழுக்க வெர்னர் அந்தப் பட்டைகளில் நடந்து, குனிந்து, முகர்ந்து, எண்களைத் திட்டிக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருப்பான். ஆகஸ்டில் அறுத்து எடை போடுவார்கள். எடை போட்ட பிறகுதான், டிரெய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு, "சரி, சொல்லு" என்பான். அவள் பெயரைச் சொல்வாள். அவன் தொடையில் ஓங்கித் தட்டி, "அட, அதுவா!" என்பான். அந்தச் செப்டம்பரில் நிலம் முழுக்க அதுதான்.

முதல் மூன்று வருஷம் போடில் டப்பாவின் மூடியில் ஒரு நூலை ஒட்டி வைத்துப் பார்த்தாள். நூல் ஒரு நாளும் அறுபடவில்லை. இந்த மனிதனைக் கட்டிக்கொண்டதற்காக அவள் தனக்குள் சந்தோஷப்பட்ட தருணங்களில் அந்த நூலும் ஒன்று. நிலத்தை அடமானம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, மூன்றடி தூரத்தில் பதில் இருக்கும்போது, எட்டிப் பார்க்காமல் பத்து மாதம் இருந்தான்.

கடைசி நான்கு வருஷமும் அவளுடைய ரகம் ஒன்றேதான். லெர்கெ. வானம்பாடி என்று அர்த்தம். விதை நிறுவனத்தின் வயல்வெளி நாளில் அதைப் பார்த்தாள். முந்தின ராத்திரி புயல். மற்றவையெல்லாம் சாய்ந்து கிடக்க, குட்டையாக, கருகருவென்று, யாரோடும் பேசப் பிடிக்காத ஆள்மாதிரி அது மட்டும் நின்றுகொண்டிருந்தது. வெர்னர் அன்றைக்கே கேலி பேசினான். "வானம்பாடியாம். குள்ள வாத்துன்னு வெச்சிருக்கணும்." பட்டைகளிலும் அதற்கு மூன்று வருஷமும் அடிதான். ஏப்ரலில் வழுக்கை விழுகிற தலைமாதிரி மண் தெரிய நிற்கும். வெர்னர் குச்சியின் எண்ணைப் பார்த்து, "இதைக் கோழிக்குப் போடு" என்பான். ஒரு வருஷம் அது மூன்றாம் எண், ஒரு வருஷம் ஒன்று, ஒரு வருஷம் நான்கு. எண் மாறினாலும் கோழி மாறவில்லை.

மூன்றாம் வருஷம்தான் அவளுக்குப் பிடிபட்டது. லெர்கெ அதிகம் தூர் வெடிக்காத சாதி. மற்ற ரகங்கள் ஒரு விதைக்கு நாலு தண்டு விடும், இது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் போடுகிற அதே அளவு விதையை இதற்கும் போட்டால் வயல் இடைவெளி விடத்தான் செய்யும். போன செப்டம்பரில் இரண்டாம் பட்டைக்கு வந்ததும் போடில் இறங்கினாள், விதைப்புக் கருவியின் திருகை நாலில் ஒரு பங்கு கூடுதலாகத் திறந்தாள், மறுபடி ஏறி ஓட்டினாள். நான்கு பட்டைக்கும் ஒரே கவனிப்பு என்பது வெர்னரின் சட்டம். அதை அவள் மீறினாள். யாரிடமும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை காலையில் சமையலறைக் கத்தரிக்கோலோடு போய் நான்கு பட்டையிலிருந்தும் கதிர் வெட்டி வந்தாள். கட்டில் முன்னறையில், ஜன்னலோரம். வெர்னர் அதற்குள் தலையணையில் பள்ளம் விழாத அளவுக்கு இளைத்துப் போயிருந்தான். கைகள் மட்டும் பழைய கைகள். கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான், உமியை ஊதினான். ஊத மூச்சு போதவில்லை, அவளும் சேர்ந்து ஊதினாள். மணியைக் கடித்துப் பார்த்தான்.

"ஒண்ணு, வெறும் வைக்கோல். மூணைத் துருநோய் தின்னுடுச்சு. நாலு..." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். "நாலு நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து வந்தா படுத்துக்கும். என்னை மாதிரி."

"வாயைக் கழுவு."

"கொண்டா தண்ணி." குடித்தான். பிறகு இரண்டாம் பட்டைக் கதிரின் கடைசி மணியை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். "ரெண்டு" என்றான். "ரெண்டைப் போடு. அடர்த்தியா விதைக்கணும்."

பெயர் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "சொல்லட்டுமா?"

வெர்னர் போர்வையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். "எடை போட்ட பிறகு."

அப்போது மணி பத்தேகால். இரண்டரைக்கு அவன் இல்லை. மாவட்டச் செவிலி வந்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். போர்வையில் உமி ஒட்டியிருந்தது.

ஆக, இந்த நிலத்தை அவளால் நடத்த முடியும் என்பதற்குப் போடிலின் கையில் இருந்த ஒரே சான்று அந்த ஒரு சொல். பெயரே தெரியாத ஒருவன், தீவிலேயே கூர்மையான கண் உள்ளவன், நாலில் அவளுடையதை எடுத்தான். பண்ணைக்காரர்களுக்கு அவள் எழுத நினைத்த பதிலுக்கு அதுவே போதும். மகளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், இன்னும் எடை போடவில்லை. செத்தவன் வைத்த சட்டத்தை அடக்கத்துக்கு முன்னாலேயே உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

தேவாலயத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள், முன் பக்கத்தில் ஹென்னிங். போதகர் மூன்று முறை மண் அள்ளிப் போட்டார். வெயில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய கோதுமையோ முற்றி, சலசலத்துக்கொண்டிருந்தது. பாடும்போது பாதி ஆண்களின் பார்வை புத்தகத்திலிருந்து நழுவி மேற்கு வானத்துக்குப் போய் வந்ததைப் போடில் கவனித்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வெர்னரும் அதைத்தான் செய்திருப்பான்.

பிறகு ஊர்ப் பொதுக்கூடத்தில் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, ஊறவைத்த மீன், பீர், அப்புறம் காப்பியும் அடுக்குக் கேக்கும். கேக் வந்ததும் ஹென்னிங் எழுந்து கோப்பையைக் கரண்டியால் தட்டினான். அறுபத்தைந்து வயது, குச்சிபோல் உயரம், பேசும்போது தன் காதைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம்.

"நான் ஒரு ரகசியத்தை உடைக்கப் போறேன். வெர்னர் இனிமே என்னை அடிக்க வர முடியாது."

எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"மரிபோ விவசாயக் கண்காட்சி. அஸ்ட்ரிட் அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. பீர் கூடாரத்துல வெர்னர் என்ன சொல்றான்னா, எந்தக் கோதுமைக் கதிரையும் தொட்டே பேர் சொல்லுவேன்னு. விடுவோமா? என் பொண்டாட்டியோட ஸ்கார்ஃபை எடுத்து அவன் கண்ணைக் கட்டினோம். ஒன்பது கதிர். ஒண்ணொண்ணா கையில குடுத்தோம். கசக்கறான், மூக்குல வெச்சுக்கறான், கன்னத்துல தேய்ச்சுக்கறான். ஒன்பதுக்கு ஒன்பது! பத்தாவதா நான் ஒரு திருட்டு வேலை பண்ணினேன், ரையைக் குடுத்தேன், அது கோதுமையே இல்ல, வேற தானியம். தொட்டான். 'இது ரை. குடுத்தவன் கழுதை'ன்னான்."

கூடம் அதிர்ந்தது. அஸ்ட்ரிட் வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போடிலின் காப்பிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

அவள் கோப்பையைத் தட்டில் வைத்தாள். ஹென்னிங் உட்கார்ந்து, எல்லோரும் கைகுலுக்கி முடியும் வரை காத்திருந்தாள். அவன் புகைபிடிக்க வெளியே போனதும் பின்னால் போனாள்.

"அது எந்த வருஷம்?"

"எது?"

"கண்ணைக் கட்டினது."

ஹென்னிங் காதைப் பிடித்தான். கணக்குப் போட்டான். "பத்தொன்பது வருஷம் இருக்கும்." சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு உறைத்துவிட்டது. ஹென்னிங்குக்குக் குச்சிகளைத் தெரியும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தப் பட்டைகளை அறுத்துக் கொடுத்தது அவனுடைய இயந்திரம்தான். "அய்யோ, போடில்."

"அப்போ ஒவ்வொரு வருஷமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"கதிர் வர்ற வரைக்கும் தெரியாது. அதுவரைக்கும் நேர்மையாத்தான் பார்ப்பான்."

"கதிர் வந்ததும்?"

ஹென்னிங் புகையை வேறு பக்கம் ஊதினான். "முதல் வருஷமே கண்டுபிடிச்சுட்டான். கைக்குத் தெரிஞ்சுபோச்சு, என்ன பண்றதுன்னான். போய்ச் சொல்லுடான்னேன். சொல்லத்தான் போனானாம். ஆனா டிரெய்லர் பக்கத்துல நின்னு நீ பேரைச் சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்துட்டு அவனுக்கு வாய் வரலையாம். என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"இருபத்திரண்டு வருஷம்" என்றாள் போடில். "அட, அதுவா அட, அதுவான்னு தொடையைத் தட்டி... பாவி."

"நடிப்பு சுமார்தான்."

"நான் நம்பினேனே!"

ஹென்னிங் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அவள் அவனை விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரை நடந்தாள். கால் கோபத்தில் நடந்தது. பாதி வழியில் கோபம் தீர்ந்து வேறொன்று வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

தெரிந்தே சொல்லியிருக்கிறான். கடைசி நாளில், விரலால் தொட்டதுமே அது லெர்கெ என்று, தன் பெண்டாட்டியின் ரகம் என்று தெரிந்து, 'ரெண்டு' என்றிருக்கிறான். போகிறவன் கொடுத்துவிட்டுப் போகிற பரிசுதானே அது? உன் ஆசைக்கு இதையே போட்டுக்கொள் என்று? அப்படியானால் அவள் கையில் ஒன்றுமே இல்லை. அஸ்ட்ரிட் சொன்னதுதான் சரி. மூட்டையைப் பிரித்துக் கொட்டத் தெரியும், அவ்வளவுதான். அறுபத்திரண்டு ஹெக்டேரை ஒரு நல்ல மனசின் பேரில் விதைக்க முடியாது.

சுவர் வெயிலில் சூடாக இருந்தது. சாய்ந்துகொண்டாள். உள்ளே புது மண்மேடும் பூக்களும் தெரிந்தன. "நல்ல மனசுக்காரன்" என்று எத்தனை பேர் இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அது உண்மைதான். பக்கத்து வீட்டுப் பன்றி குட்டி ஈன்றால் ராத்திரி முழுக்கக் கூட இருப்பான். ஆனால் கோதுமை விஷயத்தில்?

அப்போதுதான் அவளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து உட்காரக்கூட முடியாமல் அவள் கிடந்தாள். வெர்னர் திராட்சை வாங்கிக்கொண்டு வந்தான். நெற்றியில் முத்தம் கொடுத்தான். கோட்டுப் பையிலிருந்து கதிர்களை எடுத்துப் போர்வைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகக் கசக்கினான். முதலாவதைக் கசக்கிவிட்டு அவள் முகத்தை நேராகப் பார்த்து, "இது ஒண்ணாம் நம்பர், கோழிக்குப் போடு" என்றான். அது லெர்கெ. தெரிந்தே சொல்லியிருக்கிறான். தையல் பிரிக்காத வயிற்றோடு கிடந்தவளுக்குக்கூட ஒரு கதிர் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று வருஷமும் அவளுடையது என்று தெரிந்தே மூன்று வருஷமும் தூக்கி எறிந்திருக்கிறான்.

அப்படிப்பட்டவனா சாகிற அன்றைக்குத் தானம் கொடுப்பான்?

'அடர்த்தியா விதைக்கணும்.'

போடில் சுவரிலிருந்து நிமிர்ந்தாள். அந்த நாலு ரகங்களில் மற்ற மூன்றையும் அடர்த்தியாக விதைத்தால் நெருக்கியடித்துக்கொண்டு சாயும். அடர்த்தி கேட்பது லெர்கெ ஒன்றுதான். அவன் பட்டையைப் பார்த்திருக்கிறான், தண்டுகளை எண்ணியிருக்கிறான், அவள் திருகைத் திறந்ததைக் கண்டுபிடித்திருக்கிறான். சட்டத்தை மீறினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கண்டுபிடித்ததைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. மூன்று வருஷம் தான் சொன்னது தப்பு என்று அந்த மனிதன் ஒப்புக்கொண்ட விதம் அது. எத்தனை கஞ்சத்தனமான, எத்தனை நேர்மையான ஒப்புதல். அவளுக்கு அப்படியே கல்லறைக்குள் போய் அவனை உலுக்க வேண்டும்போலவும், கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. வாரம் முழுக்க வராத அழுகை அங்கே வந்தது. அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு சாலையைத் திரும்பத் தாண்டினாள்.

"ஹென்னிங், மணி என்ன?"

"மூணரை."

"உன் மிஷினைக் கொண்டா."

அவன் வானத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் கறுப்புக் கோட்டைப் பார்த்தான். "இந்தக் கோட்டுலயா?"

"கோட்டைக் கழட்டு."

"நாலு மணிக்குள்ள வரேன்" என்றான். காலையில் மெசேஜ் அனுப்பியதே இதற்குத்தான் என்பது அவன் ஓடிய வேகத்தில் தெரிந்தது.

அஸ்ட்ரிட் கூடத்து வாசலில் வழிமறித்தாள். "அம்மா, என்ன இது? இன்னிக்கா? ஜனங்க இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

"மழை ஏழு மணிக்கு. நனைஞ்சா மணி முளை விட்டுடும். அப்புறம் எடை போட்டு என்ன பிரயோஜனம்?"

"நாலு பட்டைம்மா. விட்டா என்ன?"

"உங்கப்பா அதுலதான் பத்து மாசம் நடந்தான்" என்றாள் போடில். "நீ வா. பென்சில் வெச்சிருக்கியா?"

கூடம் சும்மா இருக்குமா. பாதிப் பேர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே பின்னால் வந்துவிட்டார்கள். கறுப்பு உடையில் வரப்போரம் வரிசையாக நின்று, கேக்கைத் தின்றுகொண்டு, அடக்கத்துக்கு வந்தவர்கள் அறுவடை பார்த்தார்கள். ஒருவருக்கும் அது விசேஷமாகத் தோன்றவில்லை. வானம் மேற்கே ஈயம் பூசினதுபோல் ஆகிக்கொண்டிருந்தது.

ஹென்னிங் வெள்ளைச் சட்டையோடு இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். பட்டையில் இறங்குவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, இரண்டாம் பட்டையிலிருந்து ஒரு கதிரைக் கிள்ளினான். கசக்கினான், ஊதினான். கையைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டான். போடில் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

முதல் பட்டை டிரெய்லரில் கொட்டியது. பக்கவாட்டிலிருந்த எடை காட்டி ஓடி நின்றது. "எண்ணூத்துப் பன்னிரண்டு கிலோ" என்றாள் போடில். அஸ்ட்ரிட் அடக்க ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

எடை காட்டியைப் பூஜ்யமாக்கிய பிறகு இரண்டாவது நீளமாகக் கொட்டியது. தூசி எழும்பி எல்லோர் காப்பியிலும் விழுந்தது. எடை காட்டியின் எண் எண்ணூறைத் தாண்டியது. எண்ணூற்று ஐம்பதைத் தாண்டியது. வரப்பில் பேச்சு நின்றது. தொள்ளாயிரத்து நாலில் போய் நின்றது.

"எவ்வளவு?" என்றாள் அஸ்ட்ரிட்.

"நீயே படி."

படித்தாள். எழுதினாள்.

மூன்றாவது எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. நான்காவது, காற்றுக்குப் படுத்துவிடும் என்று அவன் சொன்னது, ஓரத்தில் ஏற்கெனவே படுத்திருந்ததை எல்லாம் வாரிக்கொண்டும் எண்ணூற்று எழுபத்தொன்று.

ஹென்னிங் இயந்திரத்தை அணைத்தான். சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்த இடத்தில் ஒருவன் ஒரு வார்த்தை சொல்வான். சொல்ல ஆள் இல்லை. வரப்பிலிருந்தவர்களுக்கு அது தெரியாது, அஸ்ட்ரிட் பென்சிலோடு காத்திருந்தாள். ஹென்னிங் ஏணியிலிருந்து இறங்கி, தன் ஷூக்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினான்.

"சரி, சொல்லு."

"லெர்கெ" என்றாள் போடில்.

ஹென்னிங் தன் தொடையில் ஓங்கித் தட்டினான். "அட, அதுவா!"

வெர்னரைவிட மோசமான நடிப்பு. போடிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, ஹென்னிங் இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பா வாங்கினதா அது?" என்றாள் அஸ்ட்ரிட்.

"நான் வாங்கினது. அப்பா மூணு வருஷம் கோழிக்குப் போடச் சொன்னது."

அஸ்ட்ரிட் தாளைப் பார்த்தாள். தொள்ளாயிரத்து நாலு என்பதன் கீழே ஒரு கோடு போட்டாள். மறுபடி ஒரு கோடு போட்டாள். "திங்கட்கிழமை பண்ணைக்காரங்களுக்கு என்ன சொல்லப் போற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முதல்ல விதைக்காரனுக்குப் போன் பண்ணணும். லெர்கெ விதை சீக்கிரம் தீர்ந்துடும். அவங்களுக்கு அப்புறம் ஒரு நன்றி எழுதிப் போட்டாப் போச்சு."

அஸ்ட்ரிட் ஏதோ சொல்ல வாயெடுத்து, வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள். "அம்மா! கொடி!"

எல்லோரும் திரும்பினார்கள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் கொடியை உச்சிக்கு ஏற்றியிருக்க வேண்டும். வீடு திரும்பவே இல்லையே. அடக்கம் முடிந்து ஐந்து மணி நேரமாகியும் கொடி அரைக் கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் போன வந்த அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். வரப்பில் நின்றவர்களும் பார்த்திருப்பார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

போடில் நான்கு குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். முற்றத்துக்கு வரும்போது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, முதல் தூறல் விழுந்தது. கயிறு மறுபடியும் கப்பியில் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், வரவில்லை. அவள் கைகளுக்குக் கீழே இன்னும் இரண்டு கைகள் வந்து கயிற்றைப் பிடித்தன. இரண்டு பேருமாக இழுத்தார்கள். கொடி உச்சிக்குப் போய், அங்கே காற்றைக் கண்டுகொண்டு, விரிந்தது.

"இருட்டறதுக்குள்ள இறக்கணும்" என்றாள் அஸ்ட்ரிட்.

"ம்" என்றாள் போடில்.

மழை வலுத்தது. வாசல் நடையில் நின்று, குச்சியில் ஒட்டியிருந்த மண்ணைக் கறுப்பு உடையின் கையால் துடைத்தாள். எண் பாதி அழிந்திருந்தது. பூட்ஸுகள் வரிசையாக நின்ற சுவரோரம், வெர்னருடையதற்கும் தன்னுடையதற்கும் நடுவில், அதைச் சாய்த்து வைத்தாள்.